பெரிய வெள்ளியன்று போட்ட கையெழுத்து

என் தங்கை டெபோரா, ராயபுரத்தில் எங்கள் தெருவிலேயே முதலில் பி.எஸ்சி. முடித்தவள். நான் எட்டாவதோடு நின்று இறால் உரிக்கப் போனவள். மீஞ்சூர் பக்கம் ஒரு பால் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் அவள் ஆறு வருடம், நான்கு மாதம் வேலை செய்தாள். வேலை வாங்கிக் கொடுத்தவர் வில்சன் அங்கிள். ஞானஸ்நானத்தில் அவளைக் கையில் ஏந்திய ஞானத்தகப்பன், அங்கே மேலதிகாரியும் அவரே.

பாலைப் பற்றி நான் அறிந்ததெல்லாம் அவள் சொன்னது. கொழுப்பை எடுத்தால் அதோடு வைட்டமின் ஏயும் டியும் போய்விடும். பாக்கெட்டில் அடைக்குமுன் திரும்பக் கலக்க வேண்டும். வீட்டில் நான் மூன்று தடவை பாலைச் சுட வைத்தால், "பி வைட்டமின்லாம் போவுதுக்கா, ஒரு கொதியில எறக்கு" என்பாள். கலந்த நேரத்தை நிமிடம் தவறாமல் எழுதிக் கையெழுத்திடுவது அவள் பொறுப்பு.

இந்த வருடம் பெரிய வெள்ளியன்று மத்தியானம் ஒரு மணிக்கு அங்கிள்தான் சொன்னார்.

"மூணு மணி ஆராதனைக்கு லேட்டாயிடும் பாப்பா. சைன் மட்டும் போட்டுட்டுக் கெளம்பு, மீதிய நான் எழுதிக்கிறேன்."

சிலுவையை முத்தமிடப் போகிறவள் ஞானத்தகப்பனைச் சந்தேகப்படுவாளா? வெற்றுத் தாளில் கையெழுத்திட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் முழந்தாளிட்டாள்.

அன்று வைட்டமின் கலவை தீர்ந்துபோயிருந்தது என்று பிறகுதான் தெரிந்தது. அங்கிள் கலக்காமலே பாலை அனுப்பிவிட்டு, 3.10க்குக் கலந்ததாக அவள் கையெழுத்துக்கு மேலே எழுதியிருந்தார். கடையிலிருந்து எடுத்த பாக்கெட்டை அதிகாரிகள் சோதித்தபோது குட்டு வெளிப்பட்டது.

அவர் வீட்டுக்கே போய்க் கேட்டாள். நானும் கூடப் போனேன்.

"கையெழுத்து உன்னுது தானே பாப்பா? மறந்துட்டேன்னு எழுதிக் குடு, மெமோவோட போயிடும். ஜனங்க கொதிக்க வெச்சே பாதிய தொலைக்கிறாங்க. இதுல இன்னா கீது?"

"சூட்டுல போறது வேற அங்கிள். போடாமயே போட்டதா எழுதறது வேற. நீங்கதான் எனக்குச் சொல்லிக் குடுத்தீங்க."

"அப்போ உன் வேலைக்கு நான் பொறுப்பில்ல."

அவள் கம்பெனிக்கு எழுதிக் கொடுத்தது மூன்று வரி. 'அன்று மூன்று மணிக்கு நான் கோயிலில் இருந்தேன். நேரத்தை எழுதியது நான் அல்ல. வெற்றுத் தாளில் கையெழுத்திட்டது என் தவறு.' அந்தக் கடைசி வரியைக் காட்டித்தான் வேலையிலிருந்து எடுத்தார்கள். அங்கிள் அங்கேயே இருக்கிறார்.

போன ஞாயிறு பூசையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம். முன்வரிசையிலிருந்து அங்கிள் திரும்பிக் கை கூப்பினார். டெபோரா இருபக்கமும் எல்லோருக்கும் கை கூப்பிவிட்டு, அவரிடம் வந்ததும் கையை இறக்கிக்கொண்டாள்.

வெளியே வந்ததும் ஏன் என்று கேட்டேன்.

"இல்லாதத இருக்குதுனு எப்டிக்கா காட்றது?" என்றாள்.