பட்டுத்துணிக்கு அடியில் ஒரு கால்

தூத்துக்குடியில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீசில் கிளார்க்காக இருந்தேன். கண்டெய்னர் பெட்டிகளின் கதவில் தொங்கும் சீலைச் சரிபார்ப்பதுதான் என் முக்கியமான வேலை. சீலில் இருக்கும் எண்ணும் காகிதத்தில் இருக்கும் எண்ணும் ஒன்றுதானா, யாராவது உடைத்துவிட்டுத் திரும்ப ஒட்டியிருக்கிறார்களா என்று பிடித்து இழுத்துப் பார்ப்பேன். எவ்வளவு நல்ல மனிதர் அனுப்பிய பெட்டியானாலும் இழுத்துத்தான் பார்ப்பேன். இந்தப் பழக்கம் ஆபீசோடு நிற்கவில்லை. பால்காரர், சிலிண்டர் போடுகிறவர், கூடப் பிறந்த தம்பி என்று ஒருவரையும் நான் விட்டதில்லை. "உங்களுக்குப் பெருமாள் மேலயே சந்தேகம்தான்" என்பாள் என் மனைவி. பெருமாள் மேல் மட்டும் கிடையாது.

விபத்து நடந்தது துறைமுகச் சாலையில், பட்டப்பகலில். டிரெய்லர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. ஒரு லாரியின் முன்னால் நின்று அதன் டிரைவரிடம் கேட் பாஸை நீட்டிக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் நின்ற டிரெய்லர் திடீரென்று பின்னோக்கி வந்தது. அவ்வளவு நீள வண்டியைப் பின்னால் எடுக்கும்போது கிளீனர் கீழே இறங்கி நின்று, வண்டியைத் தட்டித் தட்டிச் சொல்ல வேண்டும். கிளீனர் டீ குடிக்கப் போயிருந்தான். டிரைவர் காதில் போன். இரண்டு வண்டிகளுக்கும் நடுவே என் வலது முழங்கால் மாட்டிக்கொண்டது.

பிளேட் வைத்து, ஸ்க்ரூ போட்டு, ஒரு மாதிரியாகக் காலைத் திருப்பிக் கொடுத்தார்கள். ஆனால் முழங்கால் மடங்க மறுத்துவிட்டது. நாற்காலியில் உட்கார்ந்தால் கால் நேரே நீட்டிக்கொண்டு நிற்கும், வருகிறவர்கள் எல்லாம் தடுக்கி விழுவார்கள். மூட்டை மாற்றினால் மறுபடியும் மடக்கலாம் என்றார் டாக்டர். அதற்கு ஆகும் செலவை அவர் சொன்ன அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது, நஷ்ட ஈடு வந்தால்தான் அந்த ஆபரேஷன், வராவிட்டால் கைத்தடிதான்.

ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோதே லாரி முதலாளியின் ஆள் ஆப்பிளும் ஹார்லிக்ஸும் வாங்கிக்கொண்டு வந்தான். "சாமி, கேஸு கீஸுன்னு கோர்ட்டுக்கு அலையாதிய. நமக்குள்ள பேசி முடிச்சிக்கிடுவோம்" என்றான். அவன் போனதும் ஹார்லிக்ஸ் மூடியைத் திருகிப் பார்த்தேன். மூடி சரியாகத்தான் இருந்தது. இருந்தாலும் குடிக்க மனசு வரவில்லை, பக்கத்துக் கட்டிலுக்குக் கொடுத்துவிட்டேன்.

கேஸ் போட்டேன். என் வக்கீல் கடற்கரைத் தெருக்காரர், பேச்சில் கடல் காற்று அடிக்கும். மனுவைப் படித்துக் காட்டினார். 'மனுதாரரால் தரையில் அமர இயலாது, சம்மணமிட இயலாது, குத்தவைத்து உட்கார இயலாது' என்று அதில் இருந்தது. எல்லா விபத்து மனுவிலும் இந்த வரி உண்டாம். என் விஷயத்தில் அது நிஜமும்கூட.

"ஒண்ணு மட்டும் சொல்லுதேன், மனசுல வச்சிக்கிடுங்க சாமி" என்றார் வக்கீல். "லாரிக்காரன் துட்டு தரப்போறதில்ல. தரப்போறது இன்சூரன்ஸ் கம்பெனி. அவன் ஆள் விட்டுப் பாப்பான். நீங்க எங்கன போறீய, எப்படி உக்காருதீய, எல்லாம் போட்டோ எடுத்துருவான். கம்பு இல்லாம வாசல்படி தாண்டாதிய."

குரங்குக்குக் கள்ளும் ஊற்றின மாதிரி ஆயிற்று. ஏற்கெனவே சந்தேகப் பேர்வழி, இப்போது வக்கீலே அனுமதி கொடுத்துவிட்டார். மாடி போர்ஷன் வாடகைக்குக் கிடைக்குமா என்று ஒருவர் வந்தார். தண்ணீர் வருமா என்று கேட்கவில்லை, என் காலையே பார்த்தார். வீடு காலியில்லை என்று சொல்லி அனுப்பினேன். மாடி ஆறு மாதம் பூட்டியே கிடந்தது. தெருமுனையில் பைக்கில் சாய்ந்து போன் பார்க்கிற ஒவ்வொருவனும் என்னைத்தான் படம் எடுக்கிறான் என்று தோன்றியது. நிஜமாகவே நொண்டுகிற நான், யாராவது பார்க்கும்போது சரியாக நொண்டுகிறேனா என்று கவலைப்பட ஆரம்பித்தேன். அது எவ்வளவு அசிங்கமான கவலை என்று அனுபவித்தால்தான் தெரியும்.

இந்த நேரத்தில் மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று. நல்ல பையன், நல்ல குடும்பம். ஒரே ஒரு குறை. பையனின் சித்தப்பா மதுரையில் இன்சூரன்ஸ் கம்பெனியில் வேலை பார்த்தார். நிச்சயதார்த்தத்தன்று அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "கால் இப்போ எப்படி இருக்கு? மடக்க முடியறதா?" என்று கேட்டார். கேட்ட விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

"எந்தக் கம்பெனி?" என்று கேட்டேன்.

"லைஃப் இன்சூரன்ஸ்தான். லாரி, கார் எல்லாம் எங்க பக்கமே வராது" என்று சிரித்தார்.

எல்லா இன்சூரன்ஸும் ஒரு குட்டையில் ஊறினதுதான் என்று அன்று இரவு மனைவியிடம் சொன்னேன். அவள் விளக்கை அணைத்துவிட்டாள். நான் மகளைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தச் சித்தப்பாவிடம் என் காலைப் பற்றி ஒரு வார்த்தை பேசக்கூடாது என்று எச்சரித்தேன். அவளும் என் ரத்தம்தானே, பெரிய கண்ணை இன்னும் பெரிதாக்கிக்கொண்டு தலையாட்டினாள்.

எங்கள் கல்யாணங்களில் திருமாங்கல்யதாரணத்தின்போது பெண் தன் அப்பாவின் மடியில் உட்கார்ந்திருப்பாள். அப்பா மணையில், தரையோடு தரையாக உட்கார வேண்டும். மாப்பிள்ளை எதிரே நின்று தாலி கட்டுவார். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் பெண்ணைப் பெற்றவன் அத்தனை வருஷம் ஓடுகிறான் என்று எங்கள் பக்கத்தில் எல்லோரும் நினைக்கிறோம், வெளியே சொல்வதில்லை. வக்கீலிடம் கேட்டேன். "தரையிலயா? கெட்டுது போங்க. வேற யாரையாவது உக்கார வைங்க" என்றார். வேறு வழியில்லாமல் தம்பியை உட்காரச் சொன்னேன். நாற்காலியும் உதவாது, நீட்டிய காலில் மடி ஏது?

கல்யாணம் சொந்த ஊரான தென்திருப்பேரையில். மண்டபத்தில் எனக்கு ஹோமப் புகையும் தெரியவில்லை, நாதஸ்வரமும் கேட்கவில்லை. நீலக் கட்டம் போட்ட சட்டைக்காரன் ஒருவன் கையில் போனோடு சுற்றிக்கொண்டிருந்தான். நம்மவரா என்று விசாரித்தேன், மாப்பிள்ளை வீட்டார் என்றார்கள். மாப்பிள்ளை வீட்டில் விசாரித்தால் பெண் வீட்டார் என்றார்கள். கடைசியில் அவன் ஜூஸ் கடை ஆள், முதல் பந்தியில் சாப்பிட்டுவிட்டுக் காசு வாங்கக் காத்திருந்தான். அது மறுநாள்தான் தெரிந்தது.

முகூர்த்த நேரம். தம்பி மணையில் உட்கார்ந்து தயாராக இருந்தான். கூறைப்புடவை மடிசாரில் என் பெண் வந்தாள். வந்தவள் உட்காரவில்லை. நின்றுகொண்டே என்னைப் பார்த்தாள்.

"உட்காரும்மா, நாழியாறது" என்றார் வாத்தியார்.

"அப்பா மடியிலதான் உட்காருவேன்" என்றாள். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

கேஸாவது, கம்பெனியாவது. கைத்தடியை மனைவியிடம் கொடுத்துவிட்டு நடந்தேன். ஒரு பக்கம் தம்பி, மறுபக்கம் அந்த மதுரைச் சித்தப்பா, இருவரும் அக்குளில் கைகொடுத்து என்னை இறக்கினார்கள். இடது காலை மடக்கினேன். வலது கால் மடங்காமல் நேரே நீண்டு கிடந்தது, ஹோம குண்டத்தையும் மாப்பிள்ளையையும் பார்த்து. அன்று மாப்பிள்ளை பெருமாளின் இடத்தில் நிற்கிறவர். அவருக்கும் அக்னிக்கும் நேரே காலை நீட்டுவதா? என் மனைவி சட்டென்று ஒரு பட்டு அங்கவஸ்திரத்தை எடுத்து என் காலின்மேல் போர்த்தினாள். மகள் என் இடது தொடையில் உட்கார்ந்ததும் மீதியைக் கூறைப்புடவையின் விரிப்பு மூடிவிட்டது. நான் பின்னால் சாய்ந்துவிடாமல் அந்தச் சித்தப்பா முதுகைத் தாங்கிக்கொண்டு குனிந்தே நின்றார். வலி உச்சிக்கு ஏறியது. எனக்குக் கண்ணீர் வந்தது, அது வலியால் இல்லை. எழுந்திருக்க நாலு பேர் தேவைப்பட்டார்கள்.

மகள் பெங்களூர் போனாள். ஒரு வருஷம் கழித்துக் குறுக்கு விசாரணைக்கு என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். கம்பெனி வக்கீல் என் பெண் வயதுதான் இருப்பாள், மரியாதையாகத்தான் பேசினாள். ஒரு கலர் படத்தை நீட்டினாள்.

"இதுல தரையில உட்கார்ந்திருக்கிறது நீங்கதானே?"

"ஆமாம்."

"மடியில ஒருத்தங்க உட்கார்ந்திருக்காங்க."

"என் பொண்ணு. என்னோட வலது கால் நீண்டுதான் இருக்கு, அந்தப் பட்டுத்துணிக்கு அடியில."

"படத்துல தெரியலையே?"

"தெரியக்கூடாதுன்னுதான் மூடினோம்" என்றேன்.

அது வாயிலிருந்து விழுந்த பிறகுதான் என் வக்கீல் தலையில் கைவைத்ததைப் பார்த்தேன். நீதிபதியும் நிமிர்ந்து பார்த்தார். அக்னி, மாப்பிள்ளை, மரியாதை என்று எல்லாவற்றையும் விளக்கினேன். பொறுமையாகத்தான் கேட்டார். டைப் அடித்தவர் கடைசியில் அடித்தது இவ்வளவுதான்: 'எனது வலது காலைத் துணியால் மூடி மறைத்தேன் என்றால் சரிதான்.'

யார் கொடுத்திருப்பார்கள் இந்தப் படத்தை? நின்ற இடத்திலேயே மனசு ஓடியது. முதுகைத் தாங்கினாரே, அந்தச் சித்தப்பா, தாங்குகிற சாக்கில் வேவு பார்த்தாரா? வேறு யாரிடமாவது சொல்லி எடுக்க வைத்தாரா? அதற்குள் கம்பெனி வக்கீல் அடுத்த தாளை எடுத்தாள். அதே படம், ஆனால் ஃபேஸ்புக் பக்கத்தோடு. மேலே என் மகளின் பெயர். கீழே அவள் எழுதியிருந்த வரியை அந்தப் பெண் வாசித்தாள்.

"'எங்க அப்பா பழையபடி ஆயிட்டார்!' இது உங்க மகள் எழுதினதுதானே?"

"ஆமாம்" என்றேன். வேறு என்ன சொல்ல?

மகள் அதை எப்போது எழுதியிருப்பாள் என்று யோசித்தேன். புக்ககம் போகிற வண்டியில், அழுது வீங்கின முகத்தோடு எழுதியிருக்கலாம். அவளுக்கு அன்று நான் நிஜமாகவே பழையபடி ஆகிவிட்டதாகத்தான் தோன்றியிருக்கும்.

வெளியே வந்ததும் என் வக்கீல் கத்தினார். "ஒண்ணும் குடி முழுகிறல சாமி. மகள ஒரு நாள் வரச் சொல்லுங்க. கால் நீட்டித்தான் இருந்துச்சு, ஆசையில எழுதிட்டேன்னு கூண்டுல ஏறிச் சொல்லட்டும். எல்லாம் சரியாப்போவும்."

"அவ வர மாட்டா" என்றேன்.

"கேட்டுத்தான் பாருங்களேன்."

"கேக்க மாட்டேன்."

தன் ஒரு வரியால் அப்பாவின் கால் போயிற்று என்று அவள் ஆயுசுக்கும் நினைத்துக்கொண்டிருக்க வேண்டுமா? தீர்ப்பு வந்தது. கேட்டதில் பாதிகூடத் தேறவில்லை, கைமாற்று வாங்கினதை அடைக்கச் சரியாக இருந்தது. மூட்டு மாற்றுகிற பேச்சை நானும் மனைவியும் அதன்பிறகு எடுக்கவில்லை.

கொஞ்ச நாள் கழித்து மகள் போன் செய்தாள். யாரோ கல்யாணப் படத்தைக் கொடுத்ததால் தொகை குறைந்துவிட்டது என்று தம்பி உளறியிருக்கிறான்.

"எனக்குத் தெரியும்ப்பா யாருன்னு" என்றாள். "அந்த மதுரைச் சித்தப்பாதானே? நீ அன்னிக்கே சொன்னியே. நேத்திக்கு அவர் எங்க ஆத்துக்கு வந்தார். நான் உள்ளேயிருந்து வெளில வரவே இல்லை. காபிகூடக் குடுக்கலை."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. என் முதுகைத் தாங்கின மனுஷன் காபி இல்லாமல் போயிருக்கிறார். ஊரில் யார்மேல் வேண்டுமானாலும் சந்தேகப்பட்டுக்கொள்ளலாம், அதை நாம் பெற்ற பெண்ணுக்குச் சீராகக் கொடுத்தனுப்பக்கூடாது.

"அவர் இல்லம்மா. பாவம், அவர் நல்லவர்."

"பின்ன யாரு?"

எதிரே மனைவி கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள்.

"நான்தான்" என்றேன். "ஆசையா இருந்தது. வாட்ஸ்அப்ல ஸ்டேட்டஸ் போட்டேன். எவனோ பார்த்து எடுத்துக் குடுத்துட்டான்."

பிடிபிடியென்று பிடித்தாள். "ஊரையெல்லாம் சந்தேகப்பட்டியே, உன்னை மட்டும் எப்படிப்பா விட்டே? அந்த மனுஷன் மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?" பாதித் திட்டிலேயே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நாளைக்கே அவரைச் சாப்பிடக் கூப்பிடுகிறேன் என்று சொல்லிப் போனை வைத்தாள்.

மனைவி கீரையைக் கீழே வைத்தாள். என்னையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏன்னா, உங்களுக்கு ஸ்டேட்டஸ் போடவே தெரியாதே?"

"தெரியாதுதான்" என்று போனை அவளிடம் நீட்டினேன். "இன்னிக்கே கத்துக்குடுத்துடு. அவ என் பொண்ணு, இழுத்துப் பார்ப்பா."