இடி இடித்த மறுநாள் குச்சிக் காளான் தேடி

கருப்பு, உன் காட்டுக்குப் போய்விட்டு வந்தேன்.

படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். கருப்பு என் வீட்டுக்காரர். வீட்டுக்குள் மட்டும்தான் அந்தப் பேர், வெளியே 'ஏங்க'தான். டெல்லியிலிருந்து மலைக்கு டூரிஸ்ட் வண்டி ஓட்டினார். ஒரு தடவை, நூலில் கோத்த, கருப்பாய்ச் சுருங்கிக் காய்ந்த எதையோ கொண்டுவந்து சமையலறை ஆணியில் மாட்டினார். ஏதோ கெட்டுப்போனது என்று குப்பையில் போட்டுவிட்டேன். அது குச்சிக் காளானாம், ஹிந்தியில் பேரே குச்சிதான். தேன்கூடு போலத் தலை. மலைக்காட்டில் தானாக முளைப்பது. சவாரிக்காரர்கள் ஹோட்டலில் இருந்த மூன்று நாளும் இவரே தேடிப் பறித்தது.

"மூணு நாள் குனிஞ்சு பொறுக்கினதுடி!" என்று சிரித்தார். "அடுத்த தடவை உன்னையே கூட்டிட்டுப் போறேன். நீயே பறி, அப்பத்தான் அருமை தெரியும்."

அடுத்த தடவை வரவில்லை. போன வருஷம் நெஞ்சுவலியில் போய்விட்டார். வருஷத் திதிப் படையலில் அந்தக் காளான் ஒன்றாவது வைக்க ஆசை. கடையில் வாங்கலாமே என்றாள் மகள். என் கையால் பறித்ததுதான் வேண்டும் என்றேன்.

லக்ஷ்மிபாய் நகரில் நான் வேலை செய்யும் வீடுகளில் லீவு சொல்லிவிட்டு, ஏப்ரல் முதல் வாரம் கிளம்பினேன். காஷ்மீரி கேட் பஸ் ஸ்டாண்டில் மாலை ஆறரைக்குச் சாதா பஸ், 900 ரூபாய். காலை ஏழரைக்கு ஔட் என்ற மலையூர். அங்கிருந்து பஞ்சார் முப்பது கிலோமீட்டர், 75 ரூபாய். அதற்கு மேல், அவர் சொல்லியிருந்த ஊருக்கு ஷேர் ஜீப், 50 ரூபாய். ஊர் பேர் கேட்காதீர்கள், பறிக்கிறவர்கள் சொல்லவேண்டாம் என்றார்கள்.

ஜீப்காரர் சிரித்தார். "காளானுக்கா இவ்வளவு தூரம்? டெல்லி மால்ல கிடைக்குமே பெஹன்ஜி!"

"என் புருஷன் நடந்த காடு மால்ல கிடைக்குமா பையா?"

"அச்சா..." என்று முன்சீட்டைக் காலிசெய்து கொடுத்தார்.

தங்கியது காளான் பறிக்கிற கமலா வீட்டில். அறை, சாப்பாடு சேர்த்து நாளுக்கு 600. முதல் நாள் ஆறு மணியிலிருந்து பதினொன்று வரை காட்டில் சுற்றியும் எனக்கு ஒன்றும் இல்லை. கமலா கூடையில் ஐந்து.

"தொலைஞ்ச கம்மலைத் தேடற மாதிரி ஓடற தீதி. உட்காரு, அது உன்னைப் பார்க்கட்டும்" என்றாள் கமலா. அவளுக்கு நான் தீதி, அக்கா.

சாயங்காலம் இடி. இடி இடித்தால்தான் முளைக்கும் என்பார்கள். மறுநாள் தேவதாரு அடியில் உட்கார்ந்தேன். ஈரச் சருகுக்குள் விரல் நீளத்துக்கு ஒன்று! கத்தியை எடுத்தேன். கமலா கையைப் பிடித்தாள்.

"உன் கண்ணுல படற முதல் காளான் காட்டுக்கு. எங்க வீட்டு வழக்கம். அடுத்ததை எடு."

அடுத்தது கிடைக்கவே இல்லை. இரண்டு மணிக்கு ஜீப். கமலா தன் கூடையிலிருந்து இரண்டை நீட்டினாள். வேண்டாம் என்று முதல் காளானிடமே திரும்பிப் போனேன். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "போ, நான் பார்க்கலை."

குனிந்தேன். சருகை இழுத்து அதை மூடிவிட்டு வந்தேன்.

நீங்கள் போவதானால் மார்ச் கடைசியிலிருந்து ஏப்ரல் முடிய நல்லது. ஊர்க்காரர் துணையில்லாமல் பறிக்காதீர்கள், இதே மாதிரி விஷக்காளான் உண்டு. பச்சையாக வாயில் வைக்கவே கூடாது, நன்றாக வேகவேண்டும். ஸ்வெட்டர் அவசியம்.

திதியன்று படையல் இலையில் ஓர் ஓரம் காலியாக விட்டேன்.

கருப்பு, நீயும் உன் முதல் காளானை அங்கேயே விட்டுட்டுத்தான் வந்தியா?