தூக்குவாளிக் கொக்கி

எங்கள் தெரு ராக்கு அத்தை பதினெட்டு வருடமாக ஜீப்பில் போடிமெட்டு ஏறி, ஏலக்காய் எடுக்கப் போகிறவர். போன ஐப்பசியில் அந்த ஜீப்பு பத்தாவது வளைவில் கவிழ்ந்தது. யாரும் சாகவில்லை. ஆனால் அதன்பிறகு ஹாரன் சத்தம் கேட்டாலே அத்தை வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஆறு மாதம் அவர் மலையேறவில்லை.

அதற்குள் எங்கள் ஊர் டிரைவர் சின்ராசு, துருப்பிடித்துக் கிடந்த தன் அப்பா காலத்து ஜீப்பை ஓடவைத்துவிட்டார். கவிழ்ந்த வண்டியை வாங்கி, கியர்பாக்ஸ், இருக்கை, கைப்பிடிக் கம்பி எல்லாம் கழற்றி இதில் மாட்டி, பச்சைப் பெயிண்ட் அடித்தார்.

கையில் இருந்த காசு தீர்ந்ததும், திங்கட்கிழமை காலை அத்தை வேலைக்குக் கிளம்பினார். பச்சை ஜீப்பில் ஏறுவதற்குப் பின்கம்பியைப் பிடித்தவர் அப்படியே நின்றார். தூக்குவாளி மாட்ட அவரே அடித்துவைத்த கொக்கி, பெயிண்டோடு அங்கே இருந்தது.

"இது அந்த வண்டிக் கம்பிதானேப்பா?"

சின்ராசு தலையைக் குனிந்தார். "ஆமாத்தே. ஆனா பிரேக்கும் ஸ்டீரிங்கும் புதுசு."

"வெரசா ஏறுக்கா, வண்டி என்ன கடிக்கவா போகுது?" என்றாள் உள்ளே இருந்த அனுசியா.

"நீ உருண்டிருந்தா தெரியும்டி."

அத்தை கொக்கியைத் தடவிப் பார்த்தார். வண்டி உருண்டபோது மற்றவர்கள் வெளியே விழுந்தார்கள். இந்தக் கம்பியைக் கட்டிப்பிடித்திருந்த அவர் மட்டும் விழவில்லை.

கடைசியில் ஏறினார். "நகருடி, கம்பி ஓரம் எனக்கு."

பத்தாவது வளைவு தாண்டும்வரை அவர் கண்ணைத் திறக்கவில்லை. கம்பியையும் விடவில்லை.