நெவிலின் கையும் மேவிஸின் விசிலும்

என் ஆட்டுப்பட்டிக்கும் ஓடைக்கும் நடுவே ஒரு சரிவான புல்வெளி இருக்கிறது. நெவில் டாட்ஸ் தன் நாய்களைப் பழக்கியது அங்கேதான். நானும் அவனும் பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. பகலில் கல் குவாரியில் லாரி ஓட்டுவான். சாயங்காலம் ரொட்டியைத் தின்றபடியே நாயோடு வெளியே கிளம்பிவிடுவான். வட இங்கிலாந்தில், எங்கள் நார்தம்பர்லாந்துப் பக்கத்தில் குளிர்காலம் வந்தால் ஃபெசன்ட் என்ற காட்டுக்கோழி வேட்டை. சுடுகிறவர்கள் பெரிய இடத்து ஆட்கள். குண்டடிபட்டு விழுந்த பறவையைப் புதரிலிருந்தும் தண்ணீரிலிருந்தும் பல் பதியாமல் கவ்விக்கொண்டு வருவது எங்களைப் போன்றவர்கள் வளர்க்கும் லாப்ரடார்கள். அந்த வேலையில் நெவிலின் நாய்களுக்கு ஈடு கிடையாது.

அவன் மனைவி மேவிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை பார்த்தவள். நாய் என்றாலே முகம் சுளிப்பாள். ஒரு நாயும் அவள் வீட்டு வாசற்படி தாண்டியதில்லை.

"நாய்கிட்ட ஒரு நாள்ல பேசுறத என்கிட்ட ஒரு மாசத்துல பேசமாட்டான்" என்று கடையில் எல்லார் காதிலும் விழும்படி சொல்வாள். அவன் காதிலும் விழும். சிரித்துக்கொண்டு போய்விடுவான்.

அப்படிப்பட்டவனுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது. குரல்வளையையே எடுக்கவேண்டியதாயிற்று. கழுத்தின் அடியில் ஒரு துளை, அதன் பிறகு மூச்செல்லாம் அதன் வழியாகத்தான். பேசுவதற்கு ஒரு சின்னக் கருவி கொடுத்தார்கள். தாடைக்கடியில் வைத்து அழுத்தினால் தகரத்துக்குள் வண்டு மாட்டிக்கொண்டது போல வார்த்தை வரும்.

ஆஸ்பத்திரிக்குப் போகுமுன்பே அவன் ஒரு குட்டிக்குச் சொல்லி வைத்திருந்தான். கறுப்புப் பெட்டை. டெஸ் என்று பெயர். அவன் வீடு திரும்பிய வாரமே அதுவும் வந்து சேர்ந்தது. அன்று நான் அங்கே இருந்தேன். கருவியை வைத்து அவன் "டெஸ்" என்று கூப்பிட்டதும் குட்டி நடுங்கிப்போய் விறகு அடுக்குக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. கருவியைப் பையில் போட்டுவிட்டு விசிலை எடுத்து உதட்டில் வைத்தான். நெஞ்சு விம்மியது. சத்தம் வரவில்லை. காற்றெல்லாம் கழுத்து வழியாகப் போய்க்கொண்டிருந்தது. இன்னொரு தடவை முயன்றான். பிறகு விசிலைத் துடைத்து ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு உள்ளே போனான்.

"குட்டியத் திருப்பிக் குடுத்துடலாமா?" என்று மேவிஸிடம் மெதுவாகக் கேட்டேன்.

"அத நீயே அவன்கிட்டக் கேளு, கிளைவ். எனக்கு வாய் வராது."

எனக்கும் வரவில்லை.

டெஸ் வளர்ந்தாள். உட்காருவதையும் காலோடு ஒட்டி நடப்பதையும் கையசைவிலேயே சொல்லிக்கொடுத்துவிட்டான். ஆனால் முதுகைக் காட்டிக்கொண்டு ஓடும் நாய்க்குக் கையைக் காட்டி என்ன பயன்? ஒரு நாள் அவள் என் ஆடுகளைப் பார்த்துப் பாய்ந்தாள். நெவில் வாயைத் திறந்து திறந்து மூடினான். நான்தான் கத்தி நிறுத்தினேன். அப்போது அவன் முகத்தை நான் பார்த்திருக்கக் கூடாது.

மறுநாள் சாயங்காலம் மேவிஸ் ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் புல்வெளிக்கு வந்தாள். கழுத்தில் அவன் விசில்.

"என்ன செய்யணும்னு சொல்லித் தொலை. அடுப்புல உருளைக்கிழங்கு வேகுது" என்றாள்.

நெவில் பக்கத்தில் போய் நின்று அவள் முதுகில் கையை வைத்தான். விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் அவள் நீளமாக ஒரு ஊதல் ஊதவேண்டும். நாய் இருந்த இடத்திலேயே உட்கார்ந்து திரும்பிப் பார்க்கவேண்டும். படபடவென்று தட்டினால் சின்னச் சின்ன ஊதல்கள், நாய் ஓடிவரவேண்டும். திரும்பிப் பார்க்கும் நாய்க்கு வலமா, இடமா, இன்னும் பின்னாலா என்று கையால் காட்டுவது அவன் பாடு.

ஆரம்பத்தில் ஒரே கூத்துதான். நிற்கச் சொல்லவேண்டிய இடத்தில் வரச் சொல்லி ஊதுவாள். டெஸ் குழம்பிப்போய் நடுவழியில் தன்னையே சுற்றிச் சுற்றி வருவாள்.

"யோவ், மாடு மிதிக்கிற மாதிரி தட்டாத. தெளிவாத் தட்டு. இப்ப நிக்கச் சொல்லணுமா, வரச் சொல்லணுமா?"

நெவில் தோள் குலுங்கச் சிரிப்பான். சத்தமில்லாத சிரிப்பு.

இலையுதிர்காலம் முழுக்க அப்படியே போனது. பறவைக்குப் பதிலாகக் கித்தானில் தைத்த ஒரு உருளையைத் தூக்கி எறிவான். சொல்லும்வரை டெஸ் அசையக் கூடாது. பிறகு உருளையில் இறகு சுற்றினான். அப்புறம் செத்த புறா. பல் பதிந்திருக்கிறதா என்று மேவிஸே இறகைப் புரட்டிப் பார்ப்பாள். என் துப்பாக்கியை எடுத்துக்கொண்டு போய் வெடித்தது நான். முதல் வெடிக்கு டெஸ்ஸைவிட மேவிஸ்தான் அதிகம் துள்ளினாள்.

"நாப்பது வருஷமாச் சாப்பிடக் கூப்பிடுறேன், இவன் ஒரு நாளாச்சும் சொன்னவுடனே வந்திருக்கானா? இவளப் பாரு, ஒரு ஊதல்ல வந்து நிக்கிறா" என்றாள் ஒருநாள். அந்தக் குளிர்காலத்தில் டெஸ் அவர்கள் சமையலறை அடுப்பருகே படுத்திருந்ததை நான் பார்த்தேன். 

என் ஜன்னலிலிருந்து பார்த்தால் புல்வெளியில் அவர்கள் இருவரும் ஒட்டி நிற்பது தெரியும். கல்யாணமான புதிதில்கூட அவர்களை அப்படி நான் பார்த்ததில்லை. போகப் போக அவன் விரல் அசைவதுகூடக் கண்ணுக்குத் தெரியாது. கையை வைத்திருப்பான், விசில் கேட்கும், டெஸ் உட்காருவாள், அவன் கை உயரும். வேட்டைக்காட்டுக் காவலர் ஹியூ ஒரு நாள் வந்து பார்த்துவிட்டு, "அடுத்த சீசனுக்கு மூணு பேரும் வந்துடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வசந்தத்தில் நோய் திரும்பி வந்தது. இந்தத் தடவை நுரையீரலில். கொஞ்ச காலம் மேவிஸ் அவனைக் காரில் வைத்துப் புல்வெளி ஓரம் கொண்டுவந்து நிறுத்தினாள். அவன் இருக்கையில் உட்கார்ந்தபடி, கதவோரம் நிற்கும் அவள் முதுகில் கை வைப்பான். பிறகு அதுவும் முடியவில்லை. கோடை முடிந்து பிளாக்பெர்ரி பழுக்கும் பருவத்தில், வீட்டிலேயே, ஒரு மத்தியான வேளையில் இறந்துபோனான். நான் போனபோது மேவிஸ் அவன் கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் வைத்துக்கொண்டிருந்தாள். எடுத்து விட யாருக்கும் மனம் வரவில்லை.

நவம்பரில் முதல் வேட்டை. வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். அவனுடைய பழைய கோட்டைப் போட்டுக்கொண்டு டெஸ்ஸோடு வந்து நின்றாள்.

"அவன் பழக்கினது. வீணாப் போகக் கூடாது" என்றாள்.

விழுவதைக் கண்ணால் பார்த்த பறவைகளை டெஸ் அழகாக எடுத்து வந்தாள். ஆட்கள் மெச்சினார்கள். பிறகு ஒரு ஃபெசன்ட் சேவல், இறக்கை மட்டும் அடிபட்டு, ஓடைக்கு அப்பால் இறங்கிப் பெரணிப் புதருக்குள் ஓடிவிட்டது. டெஸ் அதைப் பார்க்கவில்லை. மேவிஸ் அவளை ஓடை தாண்டி அனுப்பினாள். டெஸ் வெகுதூரம் இடப்பக்கம் போய்விட்டாள். மேவிஸ் ஊதவில்லை. நாய் போய்க்கொண்டே இருந்தது.

"ஊது, மேவிஸ்" என்றேன்.

திடுக்கிட்டாற்போல ஊதினாள். டெஸ் உடனே உட்கார்ந்து திரும்பினாள். அவள் பார்த்தது மேவிஸை அல்ல. மேவிஸுக்குப் பக்கத்தில் ஆளில்லாத இடத்தை.

மேவிஸ் கையை உயர்த்தி வலப்பக்கம் காட்டினாள். நாய் அசையவில்லை. மறுபடி காட்டினாள். டெஸ் வாலைத் தரையில் மெல்ல அடித்துக்கொண்டு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மழை தூற ஆரம்பித்தது. கடைசியில் ஹியூவின் ஸ்பேனியல் நாய் போய் அந்தச் சேவலைப் பிடித்து வந்தது.

"பரவாயில்ல மேவிஸ், பழகிக்குவா" என்றார் ஹியூ.

அவள் திரும்பி நடக்கும்போது என்னிடம் மட்டும் சொன்னாள்: "அவ மட்டுமில்ல, கிளைவ். நானும்தான் நின்னுக்கிட்டிருந்தேன். தட்டுவான் தட்டுவான்னு."

அதன் பிறகும் சில நாள் புல்வெளிக்கு வந்து பார்த்தாள். விசிலை வாயருகே கொண்டுபோவாள், எப்போது ஊதுவது என்று தெரியாமல் நிற்பாள். டெஸ்ஸும் சரியாகச் சாப்பிடாமல் வாசலிலேயே கிடந்தாள். வேலைக்குப் பிறந்த நாயை இப்படிக் கிடக்கவிடுவது பாவம் என்று மேவிஸே முடிவு செய்தாள். அடுத்த பள்ளத்தாக்கில் ஹியூவின் மகள் ரோவினா வேட்டைக்காட்டுக் காவல் வேலையில் இருந்தாள். கிறிஸ்துமஸுக்கு முன்பே டெஸ்ஸை அவளிடம் கொண்டுபோய் விட்டுவிட்டாள்.

வேட்டை நாட்களில் இப்போது மேவிஸ் ஊரில் இருப்பதில்லை. ஹெக்ஸாமில் இருக்கும் தங்கை வீட்டுக்குப் போய்விடுவாள். ஜனவரியில் ஒரு காலை, ஆலங்கட்டி மழையில், பஸ் நிறுத்தத்தில் அவளைப் பார்த்தேன். வண்டியை நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன்.

"டெஸ் எப்படி இருக்கா? கேள்விப்பட்டியா?" என்று அவளே கேட்டாள்.

"ரோவினாகிட்ட ரொம்ப நல்லாப் பழகிட்டா. அவ கையப் பாத்து எங்க சொன்னாலும் போறாளாம்."

"அதுக்குள்ளயா?"

"ஆமா."

மேவிஸ் தலையை ஆட்டினாள். "நல்லது. அதான் வேணும்" என்றாள். பிறகு பஸ் வருகிறதா என்று பார்ப்பவள் போல முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். சாலையில் பஸ் எதுவும் வரவில்லை. ஏறிக்கொள், கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். வேண்டாம், நீ போ என்று கையை ஆட்டினாள்.