அரிசி டிரம்மில் சவரக்கத்தி

சிலருக்குக் கைராசி உண்டு; நட்ட குச்சிகூடத் துளிர்க்கும். நம் மாப்பிள்ளைக்கும் கைராசி உண்டு, தொட்ட இரும்பெல்லாம் துருப்பிடிக்கும். குளிர்நாளிலும் அவன் உள்ளங்கை கசகசவென்று வேர்த்துக்கொண்டிருக்கும். பையில் போட்ட சாவி ஒரே வாரத்தில் பழுப்பேறிவிடும். இப்படியொரு கையோடு பிறந்தவன் மண்பானை விற்கப் போயிருக்கலாம், பூக்கட்டப் போயிருக்கலாம். அவனோ முடிவெட்டக் கற்றுக்கொண்டான். கற்றுக்கொண்டதோடு விட்டானா? சவரக்கடைக்காரரின் ஒரே மகளைக் காதலித்துக் கட்டியும் கொண்டான். விதி யாரை விட்டது!

மாமனார் கடையில் மூன்றே நாற்காலிகள். மற்ற கடைகளில் பிளேடை மாட்டி, மழித்து, தூக்கிப் போட்டுவிடுவார்கள். இங்கே முழு எஃகில் செய்த மடக்குக் கத்திகள்தான். அதற்காகவே தாடியை வளர்த்துக்கொண்டு வந்து வரிசையில் உட்காருகிறவர்கள் உண்டு. அந்தக் கத்திகளை மாமனார் கைக்குழந்தையைப் போலப் பார்த்துக்கொள்வார். மழித்ததும் அலசி, துடைத்து, கீல் காயும்வரை திறந்தே வைப்பார். பிறகு தையல் மிஷினுக்குப் போடும் எண்ணெயில் ஒரு சொட்டு. குளியலறைப் பக்கம் கொண்டுபோகவே கூடாது. தோல் உறையில் வைப்பதும் கூடாது, தோல் ஈரத்தைக் குடித்துக் கத்திக்கு ஊட்டிவிடும் என்பார்.

இது எதுவும் தெரியாத மாப்பிள்ளை, கடைக்கு வந்த புதிதில் ஒரு கத்தியை எடுத்து அழகு பார்த்துவிட்டுத் துடைக்காமல் வைத்துவிட்டான். மறுநாள் அலகின்மேல் அவன் கட்டைவிரல் ரேகை கோடு கோடாகத் துருவில் பதிந்திருந்தது. மாமனார் அதை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டினார்.

"எங்க மாப்பிள்ள நல்லாப் படிச்சவருதான். ஆனா கையெழுத்துப் போட மாட்டாரு, கைநாட்டுதான் வைப்பாரு."

கடையே சிரித்தது. அன்றிலிருந்து அவனுக்குக் கத்தரியும் முடிவெட்டும் மிஷினும்தான். கத்தி இருக்கும் இழுப்பறை அவனுக்கு ஆகாத இடம். தினமும் வந்து பேப்பர் படிக்கும் தையற்காரர் அவனுக்குத் 'துருவாசர்' என்று பெயரே வைத்துவிட்டார். அவனும் கூடச் சேர்ந்து சிரித்துவைப்பான். வீட்டுக்குப் போனதும் முகம் தொங்கிப்போகும்.

இரண்டாவது நாற்காலியில் மழிக்கும் வேலை பார்த்துவந்தவர் சொந்தக் கடை போட்டுக்கொண்டு போனபோதுதான் சிக்கல் முற்றியது. அந்த இடத்துக்கு வெளியாளைப் போடப்போவதாக மாமனார் சொன்னார். மகள் சும்மா இருப்பாளா? "கட்டின புருஷன் கடையிலயே இருக்கும்போது ஊரான் எதுக்குப்பா?" என்று பிடித்துக்கொண்டாள். கடைசியில் மாமனார் ஒரு கத்தியை எடுத்து மருமகனிடம் நீட்டினார்.

"மாப்பிள்ள, மழைக்காலம் முடியற வரைக்கும் இது உங்ககிட்ட இருக்கட்டும். தினமும் எடுக்கணும், தீட்டணும், உங்க மூஞ்சிய மழிக்கணும். பெட்டியில பூட்டி வச்சு என்னை ஏமாத்தக் கூடாது. ஒரு புள்ளி வந்தாலும் வெளியாள்தான்."

அந்த வருஷத்து மழையோ விடாது கருப்பு. சுவர் வியர்த்தது. காயப்போட்ட துணி மூன்றாம் நாளும் நசநசவென்று தொங்கியது. மாப்பிள்ளை கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டுதான் கத்தியைத் தொட்டான். துடைத்ததையே துடைத்தான், எண்ணெய் போட்டதற்கு மேல் எண்ணெய் போட்டான். அலமாரியில் வைத்தால் அலமாரி ஈரம். பெட்டியில் வைத்தால் பெட்டி பூஞ்சை. பூனை குட்டியைத் தூக்கிக்கொண்டு அலைவதைப்போல் வீடெல்லாம் அலைந்துவிட்டு, ஒருநாள் சமையலறையில் நின்றான். வீட்டில் ஈரம் ஏறாத பொருள் ஒன்றே ஒன்றுதான் இருந்தது, டிரம்மில் அரிசி. கத்தியைக் காகிதத்தில் சுற்றி அதற்குள் புதைத்தான்.

மறுநாள் படியோடு கையை விட்ட மனைவி பொட்டலத்தை எடுத்துப் பிரித்துப் பார்த்தாள்.

"அரிசியில கல்லு கிடந்து பாத்திருக்கேன். கத்தி கிடந்து இப்பத்தான் பாக்கறேன்."

"மானம் போற விஷயம்டி. கொஞ்சம் பொறுத்துக்கோ."

அவள் அவன் முகத்தைப் பார்த்தாள். பொட்டலத்தைத் திரும்பச் சுற்றி, பழைய இடத்தைவிட ஆழமாகப் புதைத்து வைத்தாள். ஆனால் எண்ணெய் காகிதத்தோடு நிற்குமா? சில நாளில் சோறு மிஷின் எண்ணெய் வாசம் அடிக்க ஆரம்பித்தது. எத்தனை முறை களைந்தாலும் போகவில்லை. இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டார்கள்.

மழை ஓயும் சமயத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமனாரும் மாமியாரும் சொல்லாமல் கொள்ளாமல் சாப்பாட்டு நேரத்தில் வந்து நின்றார்கள். கடைக்கு ஓடி வேறு அரிசி வாங்க நேரமில்லை. இருந்த சோற்றைத்தான் மகள் போட்டாள். மாமனார் முதல் வாயை மென்றார். தாடை நின்றது. மாப்பிள்ளை மோர்ச் சொம்பை அவர் பக்கம் நகர்த்தினான். தின்கிற சோற்றில் எண்ணெயைக் கொட்டினவனை யார் கத்தி பிடிக்க விடுவார்கள்?

அப்போது மாமியார் சிரிக்க ஆரம்பித்தாள். கண்ணில் தண்ணீர் வர, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"என்னம்மா?" என்றாள் மகள்.

"இந்தச் சோத்த மறுபடி தின்னுவேன்னு நான் நினைக்கவேயில்லடி. கல்யாணமான புதுசுல ரெண்டு வருஷம் உங்கப்பா எனக்கு இதத்தான் போட்டாரு. கத்திய அரிசிப் பானைக்குள்ள புதைச்சு வச்சு. இவருக்கும் இதே வேர்க்கிற கைதானே. கேளு, இல்லைன்னு சொல்லச் சொல்லு."

மாமனார் தலையைத் தூக்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது.

"ஏங்க, உங்க கதைய மறைச்சு வச்சுக்கிட்டு அந்தப் பிள்ளையப் போட்டு இந்தப் பாடு படுத்தியிருக்கீங்களே," என்றாள் மாமியார்.

"சொல்லியிருந்தா, மாமாவே சமாளிக்கலையான்னு துடைக்காம விட்டிருப்பாரு," என்று முனகினார் அவர். "பயம் இருந்தாத்தான் கத்தி நிக்கும். எனக்கு இன்னைக்கும் பயந்தான். கத்திய எடுங்க, பாக்கலாம்."

மாப்பிள்ளை டிரம்மைத் துழாவி எடுத்து வந்தான். மாமனார் எச்சில் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் கத்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீலைப் பிரித்து உள்ளே ஊதினார். அலகில் அவர் முகம்தான் தெரிந்தது, வேறொன்றும் இல்லை.

அவர் மடக்கிய கத்தியை மருமகன் கையில் கொடுத்து, அந்த ஈரக் கையை விடாமல் பிடித்துக்கொண்டார். அவர் கையும் ஈரமாகத்தான் இருந்தது.

"அரிசி நல்ல யோசனைதான் மாப்பிள்ள. ஆனா வெறும் காகிதம் ஆகாது, மெழுகுத்தாள் சுத்தணும். நம்ம கைக்கு அதுதான் சரிப்படும்."

நம்ம கை! மாப்பிள்ளை சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் மறுபடி உட்கார்ந்து, அந்த எண்ணெய்ச் சோற்றையே இன்னும் இரண்டு கரண்டி போடச் சொல்லிச் சாப்பிட்டான்.