கார் நிறுத்துமிடத்தில் மிதந்த மிதவை

அன்று அங்கே இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். டத்தோ பட்டம் வாங்கிய பெரிய மனிதர் ஒருவர். அவருடைய நிகழ்ச்சிகளைக் கவனிக்கும் அதிகாரி ஒருவர், மூன்று கைப்பேசிகளோடு. கோலாலம்பூரிலிருந்து வந்த கம்பெனிக்காரத் தம்பி. கொம்பாங் மேளம் தட்ட வந்த பள்ளிப் பிள்ளைகள். நாற்காலிகளை நிரப்பக் கூட்டி வந்திருந்த மீனவர்கள், அவர்களில் முன்வரிசையில் பல் போன மலாய்க்காரப் பெரியவர் ஒருவர். நான். "இந்த ஆளத் தனியா விட்டா பயத்துல பாதி வழியிலயே திரும்பி வந்துரும்" என்று கூடவே கிளம்பி வந்த என் மனைவி. பிறகு, நான் பற்றவைத்துச் செய்த மிதவை. இவ்வளவுதான். கடல் மட்டும் இல்லை.

எனக்கு ஆயர் ஈத்தாமில் வெல்டிங் பட்டறை. சுற்றிலும் பூச்சட்டிக் கடைகள், நடுவில் நான் ஒருவன் இரும்போடு. படிவம் இரண்டிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவன். காஹாங் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்ததால் கடலைப் பற்றி எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அதில் விழுந்தால் செத்துப்போவோம். வீட்டு கேட்டும் ஜன்னல் கிரில்லும் செய்து பிழைத்துக்கொண்டிருந்தவனைத் தேடி அந்தத் தம்பி வந்தான். காலில் பளபளவென்று சப்பாத்து. பட்டறைக்குள் கால் வைக்கவே யோசித்தான்.

"அண்ணே, இது சும்மா இரும்பு வேல இல்லண்ணே. கடல் தொழில்நுட்பம். நீலப் பொருளாதாரம்னு கவர்மெண்ட்டே காசு குடுக்குது."

"நீலமோ பச்சையோ, எங்களுக்குக் காசு எப்ப வரும் தம்பி?" என்றாள் என் மனைவி.

"கவர்மெண்ட் காசு எங்கக்கா ஓடிப்போகும்?"

ஓடவில்லைதான். நடக்கவும் இல்லை.

அவன் சொன்னது இது. மிதவையின் மேல் சூரியத் தகடு இருக்கும். அடியில் ஒரு கருவி. அது கடல் நீரின் சூட்டையும் உப்பையும் அளந்து கைப்பேசிக்கு அனுப்பும். சிப்பி வளர்ப்பவர்கள் வீட்டிலிருந்தே பார்த்துக்கொள்ளலாம். கருவி அவனுடையது, சட்டமும் மிதவையும் என்னுடையது. முன்பணமாகக் கொஞ்சம் வெள்ளி தருவான். மிதவை நீரில் நிற்கிற படம் அரசாங்க அலுவலகத்துக்குப் போனதும் மானியத்தின் அடுத்த பங்கு வரும், அதிலிருந்து என் பாக்கி. அதுவரைக்கும் அலுமினியத்துக்கு என்ன செய்வது? இரும்புக் கடைச் சீன முதலாளி தவுக்கேயிடம் கடன் சொன்னேன். அவர் முகம் சுளித்துக்கொண்டு கொடுத்தார். சீனப் புத்தாண்டுக்குள் தீர்க்காவிட்டால் இனிமேல் ஒரு கம்பிகூடத் தரமாட்டேன் என்றார். கம்பி இல்லாவிட்டால் பட்டறை எதற்கு?

அன்றிலிருந்து எனக்கு ஒரே கவலை, மிதவை முழுகிவிடுமோ என்று. சாப்பிட உட்கார்ந்தால் அது முழுகியது. குளிக்கும்போது முழுகியது. என் மனைவி சலித்துப்போய், காஹாங்கில் தன் அண்ணன் வேலை செய்கிற செம்பனைத் தோட்டத்துக் குளத்தில் போட்டுப் பார்க்கச் சொன்னாள். லோரியில் ஏற்றிக்கொண்டு போய்ப் போட்டோம். வாத்து மாதிரி மிதந்தது. மச்சான் அதன்மேல் ஏறி நின்று குதித்துக்கூடப் பார்த்தார். மனைவி படம் எடுத்தாள். அதைத் தம்பிக்கு அனுப்பிவிட்டு வயிறு நிறையச் சாப்பிட்டேன்.

திறப்பு விழா பத்து பஹாட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு மீனவர் கிராமத்தில், கம்பம் என்பார்கள். அங்கே கடல் ஏறும்போது படகுத்துறை வரைக்கும் தண்ணீர், இறங்கிவிட்டால் கண்ணுக்கெட்டின தூரம் சேறு. எந்த நேரத்தில் ஏறும், எந்த நேரத்தில் இறங்கும் என்று கோப்பிக் கடைச் சுவரிலேயே ஒட்டியிருந்தது. அதிகாரிக்கும் தெரியும். அதனால்தான் காலை ஒன்பது மணிக்கு வைத்தார்கள். ஒன்பது மணிக்குக் கடல் வந்துவிட்டது. டத்தோ வரவில்லை.

பத்தரைக்குத் தண்ணீர் இறங்க ஆரம்பித்தது. அதிகாரி மூன்று கைப்பேசிகளையும் மாறி மாறிப் பார்த்தார். டத்தோவைக் கூப்பிட்டுச் சீக்கிரம் வரச் சொல்ல அங்கே யாருக்கும் வாய் வரவில்லை. டத்தோவைப் போய் அவசரப்படுத்துவார்களா?

"இப்பவே தண்ணியில தள்ளிருவோம் தம்பி. அவரு வந்து பாத்துக்கட்டும்" என்றாள் என் மனைவி.

"அக்கா, டத்தோ இல்லாம தள்ளினா அது தள்ளினதா ஆவாதுக்கா."

"ஏன், மெதக்காதா?"

"மெதக்கும்க்கா. ஆனா மெதந்த மாதிரி ஆவாது."

பதினொன்றரைக்குச் சேற்றில் நண்டு ஓடியது. அப்போதுதான் அதிகாரிக்கு யோசனை பிறந்தது. கடல் போய்விட்டால் என்ன, சமூக மண்டபத்துக்கு முன்னால் கார் நிறுத்துமிடம் இருக்கிறதே. பழைய லோரி டயர்களை அடுக்கி அதன்மேல் மிதவையை ஏற்றினோம். விருந்து மேசைகளில் சுற்றியிருந்த நீலத் துணியை உருவி, டயர் தெரியாமல் சுற்றிலும் பரப்பினார்கள். காற்றில் துணி பறக்காமல் இருக்க மினரல் வாட்டர் போத்தல்களை ஓரத்தில் வைத்தார்கள். அன்று அந்தக் கடலில் இருந்த தண்ணீர் அதுதான்.

பல் போன பெரியவர் எழுந்து வந்து பார்த்துவிட்டு மலாயில் கேட்டார். "அலமாக்! நான் படகை வித்துட்டு இங்கயே வலை போடலாமா?"

மீனவர்கள் சிரித்தார்கள். அதிகாரி அவர்களுக்கு முன்கூட்டியே பரிசுப் பையைக் கொடுத்துச் சிரிப்பை நிறுத்தினார்.

டத்தோ பன்னிரண்டேகாலுக்கு வந்தார். கொம்பாங் முழங்கியது. நாட்டின் எதிர்காலம் கடலில்தான் இருக்கிறது என்று, கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பேசினார். இனி மீனவர் வெயிலில் கஷ்டப்பட வேண்டாம், கடல் அவர்கள் கைப்பேசிக்கே வரும் என்றார். திறப்பு விழாவுக்கென்று வைத்திருந்த பொத்தானை அமுக்கினார், அலங்காரப் புகை வந்தது. தம்பி தன் கைப்பேசியைப் பணிவாக நீட்டினான். கருவி பொய் சொல்லவில்லை. சூடு நாற்பதுக்கு மேல். உப்பு சைபர். டத்தோ தலையை ஆட்டி, "மிகவும் சுத்தமான கடல்" என்று மலாயில் பாராட்டினார். எல்லாரும் கை தட்டினார்கள். தட்டாவிட்டால் தப்பாக எடுத்துக்கொள்வார்களோ என்று நானும் தட்டினேன்.

பிறகு டத்தோ பெயர் பொறித்த பித்தளைத் தகட்டை மிதவையில் பொருத்த வேண்டும். துளை போட என்னைத்தான் கூப்பிட்டார்கள். போட்டேன். இறுக்கினேன். அவர்கள் ரெண்டாங் சாப்பிடப் போனார்கள்.

டத்தோவின் கார் போன பிறகு, "சாயங்காலம் தண்ணி ஏறும். தள்ளிரலாமா?" என்று தம்பியிடம் கேட்டேன். அவன் அதிகாரியிடம் போய்ப் பேசிவிட்டு, முகம் செத்துத் திரும்பி வந்தான்.

"முடியாதாண்ணே. இப்ப அதுல டத்தோ பேரு இருக்கு. உப்புத் தண்ணியில பேரு அரிச்சுப் போனா யாரு பதில் சொல்றது, முழுகிட்டா யாரு பதில் சொல்றதுன்னு கேக்குறாரு."

"தகட்டக் கழட்டிருவோம்."

"கழட்டினா திறக்காத மாதிரி ஆயிருமாண்ணே. மறுபடி டத்தோவக் கூப்புடணுமாம்."

முழுகிவிடும் என்று எத்தனை நாள் பயந்தேன்! தண்ணீருக்கே போகாது என்று பயப்பட எனக்குத் தோன்றவில்லை. அந்த அளவுக்குப் பயப்பட நான் இன்னும் கொஞ்சம் படித்திருக்க வேண்டும்.

டயர்களை எடுத்துவிட்டு சிமெண்ட் மேடை கட்டி மிதவையை அதன்மேல் நிரந்தரமாக உட்கார வைத்துவிட்டார்கள். சுற்றிலும் அழகுக்குப் பூச்சட்டிகள். எங்கள் ஆயர் ஈத்தாம் சட்டிகள்தான், என் பக்கத்துக் கடைக்காரம்மா அனுப்பியது. அந்தம்மாவுக்கு அன்றைக்கே ரொக்கமாகக் கொடுத்துவிட்டார்களாம். சட்டி மிதக்க வேண்டியதில்லை பாருங்கள்.

மிதவை தண்ணீரில் நிற்கிற படம் இல்லாமல் மானியத்தின் அடுத்த பங்கு வராது. தம்பி என்னவோ துணிச்சலில், நான் அனுப்பிய குளத்துப் படத்தையே அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டான். ஒரு வாரத்தில் பதில் வந்தது. உடனே என்னைக் கூப்பிட்டுக் கத்தினான்.

"அண்ணே, பின்னால செம்பனை மரம் நிக்குதேண்ணே! கடல்ல செம்பனை எப்படி வந்துச்சுன்னு கேக்குறாங்க!"

"குளத்துல போட்டதுன்னு அப்பவே எழுதினேனே தம்பி."

"மரம் இல்லாத பக்கமா எடுத்திருக்கக் கூடாதாண்ணே?"

காஹாங்கில் மரம் இல்லாத பக்கம் எது என்று அவன் வந்து காட்டினால் எடுத்துக் கொடுக்கிறேன்.

போன மாதம் அந்தப் பக்கம் ஒரு கேட் வேலை. போகிற வழியில் இறங்கிப் பார்த்தேன். பற்றவைப்பு ஒன்றுகூட விட்டுப்போகவில்லை. பல் போன பெரியவர் மிதவையின் மேல் சட்டத்தில் வலையையும் சூரியத் தகட்டின்மேல் கருவாட்டையும் காயப் போட்டிருந்தார். என்னை அடையாளம் கண்டு கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். நல்ல வெயில், நாய் எட்டாத உயரம், இன்னும் ஒன்று செய்து கொடுப்பாயா என்று கேட்டார். அரசாங்கத்தின் கடல் திட்டத்தால் ஒரு மீனவருக்காவது பலன் கிடைத்ததைக் கண்ணால் பார்த்துவிட்டேன்.

அந்த கேட்டுக்கும் கம்பியை வீட்டுக்காரர்தான் வாங்கிக் கொடுத்தார். புத்தாண்டு போய்விட்டது, தவுக்கே சொன்னபடியே கடையை எனக்கு மூடிவிட்டார். தம்பியின் கைப்பேசி அடிக்கிறது, எடுப்பதில்லை. ஒருமுறை மட்டும் மனைவியின் எண்ணிலிருந்து கூப்பிட்டதால் ஏமாந்து எடுத்துவிட்டான். "பிராசஸ்ல இருக்குண்ணே" என்றான்.

எனக்கு இன்னும் வர வேண்டியது பதினெட்டாயிரத்து அறுநூறு வெள்ளி.