மால்கம் தேர்ந்தெடுத்த டியூப்கள்

இங்கிலாந்தின் வடகிழக்குக் கடற்கரையிலுள்ள சவுத் ஷீல்ட்ஸில் சூரியப் படுக்கைக் கடை வைத்திருந்த எல்லோருக்கும் மால்கம் தர்ல்வெலைத் தெரியும். வருஷத்தில் பாதி நாள் கடல்மூட்டம் மூடிக்கிடக்கும் ஊர். வெளுத்த மேனியோடு கல்யாணத்துக்கோ, விடுமுறைக்கு ஸ்பெயினுக்கோ போக யாருக்கும் மனம் வராது. கண்ணாடிப் படுக்கையில் படுத்து மூடியை இழுத்துக்கொண்டால் மேலும் கீழும் புற ஊதாக் கதிர் டியூப்கள் எரியும். பத்து நாளில் தோல் தேன்நிறமாகிவிடும். ஐந்நூறு மணி நேரம் எரிந்ததும் டியூப்களின் வீரியம் போய்விடும். அப்போது மால்கமைக் கூப்பிடுவார்கள்.

கப்பல் பட்டறையில் எலக்ட்ரீஷியனாக இருந்தவன். பட்டறையை இழுத்து மூடியபோது, கைக்கு வந்த பணத்தில் மனைவி மொரீனுக்கு மூன்று படுக்கைகளோடு ஒரு கடை வைத்துக் கொடுத்தான். கடையை அவள் பார்த்துக்கொண்டாள். ஊரெல்லாம் டியூப் மாட்டும் வேலை அவனுடையது.

அந்த வேலையில் அவன் பிடிவாதக்காரன். முதலில் படுக்கையின் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சீட்டைத் துடைத்து, அதிலிருக்கும் எண்ணைப் படிப்பான். பழைய டியூபின் எண்ணோடு ஒத்துப்பார்ப்பான். இரண்டும் பொருந்தாத டியூபை ஓசியில் கொடுத்தாலும் தொடமாட்டான். "எல்லாம் ஒரே நீளந்தானே மால்கம், எதைப் போட்டா என்ன?" என்று கேட்பவர்களுக்கு அவனிடம் பதில் தயாராக இருக்கும். "இடுப்புல நிக்கிற பேண்ட்டெல்லாம் உன் பேண்ட் ஆயிடுமா கண்ணு?"

புது டியூப் மாட்டியதும் கதவில் ஒரு காகிதம் ஒட்டுவான்: முதல் வாரம் எல்லோருக்கும் பாதி நேரந்தான். அவன் மாட்டிய கடைகளில் யாருக்கும் தோல் வெந்து கொப்பளித்ததில்லை. அதில் அவனுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மொரீன் தினமும் காலையில் கடை திறப்பதற்கு முன் ஒன்பது நிமிடம் படுப்பாள். "கடைக்காரியே சுண்ணாம்பு மாதிரி நின்னா எவ உள்ள வருவா?" என்பாள். பதினெட்டு வருஷம் அப்படிப் படுத்தாள்.

அவளுடைய இடது கெண்டைக்காலில் இருந்த கரும்புள்ளியை டாக்டர் வசந்தகாலத்தில் வெட்டியெடுத்தார். தோல் புற்று என்றார்கள். இலை உதிர்வதற்குள் அது ஈரலுக்குப் போய்விட்டது.

மால்கம் சரக்கறைக்குள் புகுந்து, பதினெட்டு வருஷத்து டியூப் ரசீதுகளையும் வெளியே எடுத்தான். மூன்று நாள் சாப்பாட்டு மேசையில் பரப்பி வைத்து, ஒவ்வொரு எண்ணாகச் சரிபார்த்தான். ஒரு டியூப்கூடத் தவறில்லை. ஒன்றாவது தவறாக இருந்திருக்கக்கூடாதா என்று அவன் மனம் ஏங்கியது. விற்றவனைப் பிடித்து உலுக்கவாவது முடிந்திருக்கும்.

ஃபைலைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். புற்றுநோய்ப் பிரிவு நர்ஸ் பொறுமையாகப் புரட்டிப் பார்த்தாள்.

"நீங்க போட்டது சரியான டியூப்தாங்க," என்றாள். "சரியான டியூபும் இதைச் செய்யும்."

அந்த விஷயம் மொரீன் காதுக்கு எட்டிவிட்டது.

"அந்த ஃபைலைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரிக்கே போனியாமே? வெக்கமா இல்ல உனக்கு?" தலையணையில் சாய்ந்தபடியே சீறினாள். "என்னை என்ன, கையைக் காலைக் கட்டியா படுக்க வெச்ச? நானாத்தான் படுத்தேன். நாள் பூரா 'மொரீன், டவல் எங்க? மொரீன், சில்லறை எங்க?'ன்னு ஒரே கூச்சல். அந்த ஒம்பது நிமிஷந்தான் என்னை யாரும் கூப்பிடல."

அவன் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். 

"நான் பாத்தேன் மொரீன். அந்தப் புள்ளிய. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே."

அவள் திரும்பிப் பார்த்தாள். "பாத்தியா?"

"சாக்ஸ் எலாஸ்டிக் உரசியிருக்கும்னு நெனச்சேன்."

 மன்னித்தேன் என்றோ, பாவி என்றோ ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தான். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "போய் டீ போடு," என்றாள். அதைப்பற்றி அவர்கள் அப்புறம் பேசவே இல்லை. பிப்ரவரியில் மொரீன் போய்ச் சேர்ந்தாள்.

மே மாதம், பக்கத்து ஊர் ஜாரோவில் கடை வைத்திருந்த ஷானன் கூப்பிட்டாள். பழக்கதோஷத்தில் வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டான். சீட்டைத் துடைத்து எண்ணைப் படித்தான்.

"இந்தத் தடவை கொஞ்சம் வீரியமாப் போடுங்க மால்கம்," என்றாள் அவள். "உங்க டியூப்ல படுத்து நிறம் ஏறுறதுக்குள்ள, வர்ற பொண்ணுக்குக் கல்யாணம் முடிஞ்சு பிள்ளையே பொறந்துடும்."

வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பான். பாதி டியூப்களை மாட்டியவன், அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். மொரீனைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னான். ஷானனின் கண் கலங்கியது. ஆனாலும் கேட்டாள்.

"இப்ப என்னை என்னதான் செய்யச் சொல்றீங்க? கடையை மூடிட்டா என் ரெண்டு பிள்ளைங்களுக்கு யாரு சோறு போடுவா?"

அவனுக்கு எழுந்து போய்விடலாம் என்று தோன்றியது. போனால் நாளைக்கே எவனோ வந்து எதையோ மாட்டிவிட்டுப் போவான். மிச்ச டியூப்களையும் மாட்டி முடித்தான். வாசல்வரை வந்தவன், "உன் முதுகை யாராவது பாக்குறாங்களாம்மா?" என்று கேட்டான்.

"என் முதுகையா? அதை எவன் பாக்குறான்?" என்று சிரித்தாள்.

"யாரையாவது பாக்கச் சொல்லு. மாசம் ஒரு தடவை."

"சரி, சரி," என்றாள், கடன் கேட்டு வந்தவனை அனுப்பிவைப்பதைப்போல.

ஒரு மாதத்துக்குள் அவள் வேறு ஆளை வைத்து வீரியமான டியூப்களை மாட்டிக்கொண்டாள் என்று கேள்விப்பட்டான். கோபம் வரவில்லை. அன்றோடு டியூப் வேலையை விட்டுவிட்டான். மொரீனின் கடைப் படுக்கைகளை வாங்க இரண்டு பேர் வந்தார்கள், விற்கவில்லை. திருப்புளியை எடுத்துக்கொண்டு, தான் மாட்டியதைத் தானே கழற்றினான். மூன்று படுக்கைகளுக்கும் சேர்த்து ஒன்பது நாள் பிடித்தது. பழைய இரும்பு எடுக்கிறவன் உதவிக்கு ஆள் அனுப்புகிறேன் என்றபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டான்.